துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசனின் மனுவை 2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2017-இல் 3-ஆவது கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர் அவர். சீக்கிய வீரர்கள் கொண்ட ஸ்குவாட்ரன் ஒன்றில் ட்ரூப் லீடராக இருந்தார். வாராவாரம் நடக்கும் மதப் பரேடுக்குத் தன் வீரர்களோடு கோவில் வரைக்கும் போவார், பூட்ஸையும் பெல்ட்டையும் கழற்றுவார், முற்றத்தில் மரியாதையோடு நிற்பார். கருவறைக்குள் போய்ப் பூஜையில் கலந்துகொள்ள மட்டும் தன் விசுவாசம் இடம் தரவில்லை என்றார். மேலதிகாரிகள் பலமுறை சொல்லியும் இணங்கவில்லை என்று 2021 மார்ச் 3 அன்று பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லாமல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. தீர்ப்பையொட்டிக் கிறிஸ்தவர்களே இரண்டு பக்கமாக நின்று பேசினார்கள். விசுவாசத்துக்காக வேலையை இழந்தவர் என்று சிலர் போற்றினார்கள். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். இரு தரப்பும் விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு. டாங்கி என்பது மனிதரைக் கொல்லப் படைக்கப்பட்ட வண்டி. வேறு தெய்வங்களை வணங்காதே என்ற கற்பனையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், கொலையைத் தடுக்கும் கற்பனையைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?

கி.பி. 211 வாக்கில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியன் எழுதிய சிறு நூல் ஒன்று ஏறக்குறைய இதே போன்ற நிகழ்ச்சியில்தான் தொடங்குகிறது. பேரரசர்கள் படைவீரர்களுக்கு வெகுமதி வழங்கும் நாள். எல்லோரும் தலையில் இலைக் கிரீடம் சூடி வரிசையில் போகிறார்கள். ஒரே ஒரு வீரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நடக்கிறான். கேட்டால், நான் கிறிஸ்தவன் என்கிறான். சிறையில் போடுகிறார்கள். அவனோடு இருந்த மற்ற கிறிஸ்தவர்களுக்கே அவன்மேல் கோபம்: தலையில் எதைச் சூடுவது என்ற அற்ப விஷயத்துக்காக நம் எல்லோருடைய நிம்மதிக்கும் உலை வைத்துவிட்டானே என்று. தெர்த்துல்லியன் அவன் பக்கம் நின்று வாதாடுகிறார். ஆனால் கிரீடத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாதி நூல் தாண்டியதும், இதைவிடப் பெரிய கேள்வி மிச்சம் இருக்கிறது, கிறிஸ்தவனுக்குப் படைத்தொழிலே தகுமா என்று கேட்டுவிடுகிறார். அவர் சொன்ன பதில் கடுமையானது. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அந்த வரிசை சரியானது. சடங்கில் தொடங்கியவர் வாள் வரைக்கும் போனார். நாம் கருவறை வாசலிலேயே நின்றுவிட்டோம்.

ஆந்திராவின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. புத்தூர், நகரி, சத்தியவேடு, ரேணிகுண்டா, காளஹஸ்தி என்று தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்த ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போக விரும்பும் பையன்கள் குண்டூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறார்கள். பதினேழரை வயதில் விண்ணப்பிக்கலாம். ஆன்லைன் தேர்வு, பிறகு மைதானம்: 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் முழு மதிப்பெண், பத்து புல்-அப், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டல், மருத்துவப் பரிசோதனை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய் ஊதியம், நான்கு வருடம் முடிந்ததும் சேவா நிதியாக 10 லட்சத்துக்கு மேல், நிரந்தரம் ஆவது நான்கில் ஒருவர் வரைதான். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் போட்டுப் பார்க்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்குள்ள சபைகளில் பெரும்பகுதி தலித் மக்கள். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவர் ஆனவருக்கு எஸ்.சி. தகுதி கிடையாது, ஆந்திராவில் அவர்களை பி.சி.-சி என்று பிரித்து ஒரு சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற அரசு வேலைகளின் கதவு இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, சாதி ஒதுக்கீடே இல்லாமல் ஓட்டத்தையும் உடற்கட்டையும் பார்த்து எடுக்கும் ராணுவம் பெரிய கதவாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்தக் கதவை நோக்கி ஓடும் பையனைக் குறை சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. அவனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கிற சபை, செலக்‌ஷன் ஆனதும் சாட்சி சொல்ல வைக்கிற சபை, நடுவில் அவனிடம் எதைப் பேசுகிறது என்பதுதான் என் கவலை.

பயிற்சி முடிந்ததும் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடு நடக்கும். ஆந்திரப் பையனின் குடும்பத்தில் கைபேசியில் படமாகச் சுற்றும் அணிவகுப்பு அதுதான். மைதானத்தில் மேஜைமேல் வேதப் புத்தகங்கள் இருக்கும். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று ராணுவத்தின் மத ஆசிரியர்கள் பக்கத்தில் நிற்பார்கள். ராணுவம் பாதிரியார்களையும் ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரி தரத்தில் வேலைக்கு எடுக்கிறது. அதற்கு முறையான குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும். கடவுளின் பெயரால், அல்லது மனச்சாட்சிப்படி, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், நிலமோ கடலோ வானமோ அனுப்பிய இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்து என்றாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்று உறுதி எடுக்கிறான் பையன். அவன் கை அந்த நேரம் எந்தப் புத்தகத்தின்மேல் இருக்கிறது? வேதாகமத்தின்மேல் என்றால், சத்தியமே செய்ய வேண்டாம் என்று மலைப்பிரசங்கம் சொல்லும் அதே புத்தகத்தின்மேல். சான்றிதழில் இந்து என்றும் ஞாயிற்றுக்கிழமை சபையிலும் இருக்கும் குடும்பத்துப் பையன் என்றால், வேறொரு புத்தகத்தின்மேல். இந்த இரட்டை வாழ்க்கைக்கு அவனைத் தள்ளியது சட்டம். பழி அவனுக்கு இல்லை. ஆனால் தன் உயிரையும் அடுத்தவன் உயிரையும் பணயம் வைக்கும் அந்த வாக்குறுதியின் எடையை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சபைகளிடம் சொல்ல எதுவும் இல்லை என்பதும் உண்மையல்ல. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திரா லுத்தரன் சபை, ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை ஏற்ற சபை. 1530-இல் எழுதப்பட்ட அந்த அறிக்கையின் 16-ஆவது பிரிவு கிறிஸ்தவர் படைவீரராகப் பணிபுரியலாம் என்கிறது, நியாயமான போரில் ஈடுபடலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. மார்ட்டின் லூதரே 1526-இல் படைவீரர்களும் இரட்சிப்படைய முடியுமா என்ற கேள்விக்கு ஒரு தனி நூல் எழுதினார். தன் அரசன் அநியாயமாகப் போரிடுகிறான் என்று உறுதியாகத் தெரிந்தால் அதில் சேரக் கூடாது என்பது அவர் கருத்து. ஆற்காடு மிஷன் வழிவந்த திருச்சபையாரும் ஆங்கிலிக்கன் மரபினரும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றானார்கள். அந்த ஆங்கிலிக்கன் மரபின் 39 விதிகளில் 37-ஆவது, அரசின் கட்டளைப்படி ஆயுதம் தரிப்பதும் போரில் பணிபுரிவதும் கிறிஸ்தவருக்கு ஆகும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நாட்டுப் பாதுகாப்புக்காகப் பணிபுரியும் வீரர்களைப் பாராட்டிய அதே இடத்தில், மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்றும் கேட்டது. பெந்தெகொஸ்தேயாரைப் பாருங்கள். அமெரிக்காவில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1917-இல், உலகப் போருக்கு நடுவே, மனித உயிரைப் பறிக்கும் போரில் பங்கெடுக்க முடியாது என்று தீர்மானம் போட்டது. 1967-இல்தான் அதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. இத்தனை மரபும் இந்த இரண்டு மாவட்டங்களின் தெருக்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடங்களாக நிற்கின்றன. அவற்றின் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் எல்லாமே ஏதோ ஒரு நிபந்தனையோடுதான் பேசுகின்றன. போர் நியாயமானதா, கட்டளை நியாயமானதா, மனச்சாட்சி ஒப்புகிறதா என்ற அந்த நிபந்தனைதான் நம் பிரசங்க மேடைகளுக்கு வந்து சேராமல் போய்விட்டது.

போர் விசுவாசிகளை என்ன செய்யும் என்பதற்கு இந்தப் பகுதியின் சபை வரலாறே சாட்சி. 1860-களின் நடுவில் ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷன் சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை வட்டாரத்தில் வேலையைத் தொடங்கி, காளஹஸ்தி, திருப்பதி என்று பரவியது. 1914-இல் உலகப் போர் மூண்டதும், அதுவரை ஐயர் என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் மிஷனரிகள் ஆங்கில அரசின் பார்வையில் எதிரி நாட்டார் ஆனார்கள். இந்தியாவெங்கும் ஜெர்மன் மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். இங்கிருந்த வேலை அமெரிக்க லுத்தரன்களின் கைக்குப் போனது. ஒரே வேதாகமம், ஒரே ஞானஸ்நானம், ஒரே இராப்போஜனம் என்றிருந்தவர்கள் எதிரெதிர் அகழிகளில் ஒருவரையொருவர் கொன்றார்கள். இரண்டு பக்கமும் பாதிரியார்கள் ஆசீர்வதித்தார்கள். அந்தச் சபையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை சொல்லப்பட வேண்டும்.

என் நிலை இது. கிறிஸ்தவர் ராணுவத்தில் சேரலாம் என்றே நினைக்கிறேன். யோவான் ஸ்நானகனிடம் வந்த படைவீரர்களுக்கு, மிரட்டிப் பறிக்காதீர்கள், கூலியோடு திருப்தியாக இருங்கள் என்ற பொருளில் அறிவுரை கிடைத்தது. வேலையை விடச் சொல்லவில்லை. கப்பர்நகூமின் நூற்றுக்கதிபதியின் விசுவாசத்தை இயேசு மெச்சினார். கொர்நேலியு ஞானஸ்நானம் பெற்றபின் உடுப்பைக் கழற்றியதாக எங்கும் இல்லை. எளியவரைத் தாக்க வருகிறவனைத் தடுப்பது அன்பின் கடமை என்று அகஸ்டீன் வாதிட்டது வெறும் சமாளிப்பு அல்ல. ஆனால் கெத்செமனேயில் பேதுரு உருவிய பட்டயத்தை உறையில் போடச் சொன்னவரும் அவரேதான், அதுவும் நிரபராதியைக் காப்பாற்ற உருவிய பட்டயத்தை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவருக்கும் ஆயுதம் ஏந்துவது எளிதான முடிவாக இருக்க முடியாது. எளிதாக எடுக்கப்படுவதுதான் தவறு. பன்னிரண்டு வயதிலிருந்து சினிமாவைப் பற்றியும் மதுவைப் பற்றியும் நகை அணிவதைப் பற்றியும் பையனுக்குப் பிரசங்கிக்கிற சபை, அவன் கையில் துப்பாக்கி வரப்போகும்போது வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புவது பொறுப்புத் துறத்தல்.

இங்கே மறுப்புகள் வரும். முதலாவது, நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை இல்லையே, மனம் ஒப்பாதவன் சேராமல் இருந்துகொள்ளட்டும் என்பது. நியாயமான பேச்சு. அதனாலேயே கேள்வி சேர்வதற்கு முன்பு கேட்கப்பட வேண்டும் என்கிறேன். தென் கொரியாவில் கட்டாய சேவை இருந்ததால் யெகோவாவின் சாட்சிகள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். 2018 ஜூன் 28 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மாற்றுப் பணிக்கு வழி செய்யச் சொன்னது. அங்கே அரசு கட்டாயப்படுத்தியதால் அந்த விவாதம் தானாக நடந்தது. இங்கே யாரும் கட்டாயப்படுத்தாததால் விவாதமே நடப்பதில்லை. வறுமை கட்டாயப்படுத்துவதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. சேர்ந்தபின் மனம் மாறினாலும், நான்கு வருடம் முடியும் முன் சொந்த விருப்பத்தில் வெளியேற அக்னிபத் விதிகள் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்கான சூழலில் உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பதினேழரை வயதில் எடுக்கும் முடிவுக்கு இது கனமான விலை.

இரண்டாவது மறுப்பு ஒழுங்கு பற்றியது. ஒவ்வொரு சிப்பாயும் மனச்சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால் படை எப்படி இயங்கும்? ஆனால் ராணுவச் சட்டமே மனச்சாட்சிக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தண்டிப்பது சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான். சரணடைந்தவனைச் சுடு என்ற கட்டளை அதில் அடங்காது. ஜெனீவா ஒப்பந்தங்களை இந்தியா 1960-இல் சட்டமாகவே இயற்றியிருக்கிறது. எது செய்யத்தகாதது என்று முன்பே யோசித்து வைத்திருக்கிற சிப்பாய், கோபமும் பயமும் கண்ணை மறைக்கும் நேரத்தில் படையின் பெயரைக் காப்பாற்றுகிறவன். யோசிக்கவே கற்றுக்கொடுக்கப்படாதவனால்தான் படைக்குத் தலைகுனிவு.

மூன்றாவதைச் சத்தமாக யாரும் சொல்வதில்லை, ஆனால் இதுதான் பலருடைய வாயை அடைக்கிறது. இந்தக் காலத்தில் போய் ஆயுதம், மனச்சாட்சி என்றெல்லாம் பேசினால் கிறிஸ்தவனுக்குத் தேசப்பற்று இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பாதா? கிளம்பலாம். அதற்குப் பதில் 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 3 அன்று கங்காசாகரில் எழுதப்பட்டுவிட்டது. அங்கே எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கி உயிர்விட்டுப் பரம் வீர் சக்கரம் பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா கிறிஸ்தவர். கிறிஸ்தவர்களான ஜெனரல் ரோட்ரிக்ஸ் தரைப்படைத் தளபதியாகவும், அட்மிரல் சுஷில் குமார் கடற்படைத் தளபதியாகவும் இருந்தார்கள். தேசப்பற்றை நிரூபிக்கப் பேசாமல் இருக்க வேண்டிய நிலையில் இந்தச் சமூகம் இல்லை. பயந்து பேசாமல் இருப்பதுதான் சந்தேகப்படுகிறவனுக்குத் தீனி போடும்.

நீதிமன்றத்தையும் இங்கே கேட்டாக வேண்டும். கமலேசன் வழக்கில், உள்ளே போகலாம் என்று போதகர் ஒருவரே சொன்னபின்பும் தன் சொந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்ற பொருளில் கேள்வி எழுந்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, கேரளாவில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று குழந்தைகளின் வழக்கில், இதே உச்ச நீதிமன்றம் வேறு அளவுகோலை வைத்தது. ஆந்திர உயர் நீதிமன்றத்தில் முன்பு பணியாற்றிய நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பில், அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வி அல்ல, அவர்கள் அதை உண்மையாகவே கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்றிருந்தது. ராணுவத்தில் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது என்பது சரி. பள்ளிக்கூடமும் படைமுகாமும் ஒன்றல்ல. ஆனாலும், கி.பி. 295-இல் தெபெஸ்தேயில் படையில் சேர மறுத்த மாக்சிமிலியானிடம் ரோம ஆளுநர் சொன்னதும், கமலேசனிடம் போதகரைக் காட்டியதைப் போன்ற வாதம்தான்: பேரரசர்களின் மெய்க்காவலிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே. அவர்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், நானோ கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது என்ற பொருளில் அந்த இருபத்தொரு வயதுப் பையன் பதில் சொன்னான். அவன் தலை வெட்டப்பட்டது. மனச்சாட்சி என்பது பெரும்பான்மையோ போதகரோ சான்று கொடுத்துத் தருவது அல்ல என்பதை அந்தப் பழைய வழக்கே காட்டிவிட்டது.

திருப்பதிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருமலையில் வேற்று மதத்தவர் தரிசனத்துக்குப் போகும்முன் சுவாமியிடம் தமக்கு நம்பிக்கை உண்டு என்று படிவத்தில் கையெழுத்திட வேண்டும்; குடியரசுத் தலைவராக இருந்தபோது அப்துல் கலாமும் கையெழுத்திட்டார். அந்த விதியை ஆதரிப்பவர்கள் சொல்வது, சந்நிதிக்குள் நுழைவது நம்பிக்கையின் செயல், வெறும் வருகை அல்ல என்பது. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நம்பிக்கை இல்லாத ஒருவரை, அதுவும் முற்றத்தில் பணிவோடு நிற்கிறேன் என்பவரை, கட்டளை போட்டு உள்ளே அனுப்புவது அந்தச் சந்நிதிக்குத்தான் என்ன கௌரவம்? (நாகமான் என்ற சிரியப் படைத்தலைவன், தன் ராஜா ரிம்மோன் கோவிலில் தன் கைமேல் சாய்ந்து வணங்கும்போது தானும் குனிய நேரும், அதை மன்னிக்க வேண்டும் என்று எலிசாவிடம் கேட்டபோது, சமாதானத்தோடு போ என்ற பதில் கிடைத்தது. கமலேசன் உள்ளே போயிருந்தாலும் அவரைக் கண்டிக்க நான் தயாரில்லை. ஆனால் அந்தச் சலுகை கேட்டுப் பெற்றது. மேலிருந்து திணிக்கப்பட்டது அல்ல.)

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கும் பையன்களையும் பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கசம் பரேடின் வாசகத்தை அவர்கள் மொழியில் ஒருமுறை வாசிக்கலாம். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 16-ஆவது பிரிவை அதன் நிபந்தனையோடு சேர்த்துச் சொல்லலாம். சுட நேர்ந்தால் என்ன, சுடக் கூடாத இடம் எது, சுட்டபின் யாரிடம் போய்ப் பேசுவது என்று ஓய்வுபெற்ற வீரர் ஒருவரை வைத்தே பேசலாம். அதற்குப் பிறகும் போகிறேன் என்கிறவனை முழு மனதோடு அனுப்பலாம். தயங்குகிறவனுக்கு வேறு வழிகளும் உண்டு. இன்டரில் பைபிசி படித்தவன் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட் ஆகலாம். அங்கேயும் அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கி உண்டு, ஆனால் ஜெனீவா ஒப்பந்தப்படி அது தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க மட்டும். இரண்டாம் உலகப் போரில் ஆயுதத்தைத் தொடவே மாட்டேன் என்ற அட்வென்டிஸ்ட் மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ், ஒகினாவாவில் காயம்பட்ட ஏறக்குறைய எழுபத்தைந்து பேரைச் சரிவில் இறக்கிக் காப்பாற்றி அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார். பாதுகாப்பு அமைச்சகமும் விண்ணப்பத்திலேயே போரிடாத பிரிவு வேண்டும் என்று காரணத்தோடு கேட்க ஒரு கட்டம் வைக்கலாம். எல்லாப் படைப்பிரிவுகளிலும் எல்லா மதத்தவருக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் கட்டலாம். அதற்கெல்லாம் டெல்லி மனம் வைக்க வேண்டும், நாளாகும். சபைகள் செய்ய வேண்டியதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. அடுத்த அறிவிப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.